ஏழாம் கண்ணாடியில் ஒரு துணுக்கு

ஜூன் 4

அண்ணாவுக்கு,

நான்கு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன் செய்திருக்கலாம். உனக்கு இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்பதில்லை என்று அண்ணி சொன்னார். அதோடு நாம் இரண்டு பேரும் போனில் மூன்றாவது நிமிஷத்தைத் தாண்டியதே கிடையாது.

விஷயம் ஏழாம் கண்ணாடியைப் பற்றியது.

எங்கள் நூலகத்துக்குப் புதுக் கேமரா ஒன்று வந்திருக்கிறது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படம் எடுக்கும். எழுத்து மட்டுமல்ல, எழுதிய மரப்பட்டையின் மேடு பள்ளம் முழுக்கத் தெரியும். கணவாய்க் குகையில் கிடைத்த சுருள்களை விரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மூடி வைத்திருக்கிறோமே, அந்தப் பதினோரு கண்ணாடிகளையும் இரண்டு வாரமாகப் படம் எடுத்தோம். ஏழாவதின் மேல் ஓரத்தில் உன்னுடைய ஆண்டுத் துணுக்கு இருக்கிறதே, கட்டைவிரல் நகமளவு, 'அரசனின் ஐந்தாம் ஆண்டு' என்று எழுதியது, அது அந்தச் சுருளைச் சேர்ந்ததே இல்லை.

பட்டையில் இயற்கையாகவே சின்னச் சின்னக் கோடுகள் ஓடும் என்பது உனக்குத் தெரியும். ஏழாம் சுருளில் அவை தள்ளித் தள்ளி நேராக ஓடுகின்றன. துணுக்கில் நெருக்கமாக, சாய்ந்து ஓடுகின்றன. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லித்தருவது இதுதான்: துண்டுகளை எழுத்தைப் பார்த்துச் சேர்க்கக் கூடாது, பட்டையைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். எழுத்தைப் பார்த்தால் நமக்கு வேண்டியதெல்லாம் அதில் பொருந்தும். 

துணுக்கை எடுத்துவிட்டால் ஏழாம் சுருளுக்கு வயது கிடையாது. எழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்துச் சொன்னால் முந்நூறு வருஷம் பிந்தியதாகிவிடும். சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் எழுத்தையே தொடாத காலத்தில் ஐந்து வியாபாரிகள் உட்கார்ந்து வழக்குத் தீர்த்து, அதை எழுதியும் வைத்தார்கள் என்ற உன் மூன்றாம் அத்தியாயமும் அதோடு போகும்.

துணுக்கு என் மேசையில்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. மூடியது நான். பிழை என்னுடையது என்றே வைத்துக்கொள்.

இத்துடன் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. மூடிய கண்ணாடியைத் திறக்க இரண்டு கையெழுத்து வேண்டும், பாதுகாப்பாளருடையது ஒன்று, அந்தச் சுருளைப் படித்துப் பதிப்பித்தவருடையது ஒன்று. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். செப்டம்பரில் ஏழாம் கண்ணாடி கண்காட்சிக்குப் போகிறது. போகுமுன் வாயு நிரப்பிய பெட்டிக்குள் வைத்து அடைத்துவிடுவார்கள், அதன்பிறகு யாரும் திறக்கப்போவதில்லை. எனக்கு ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு வேலை முடிகிறது.

உன் புத்தகம் மூன்றாம் பதிப்பு அச்சுக்குப் போகிறதாமே. நிறுத்திவை.

பாப்பா

*

ஜூன் 15

பாப்பாவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பிரித்துப் படித்தபிறகுதான் செத்தது நான் என்று தெரிந்தது.

உன் அண்ணி கடிதத்தை மத்தியானம் வரைக்கும் ஒளித்து வைத்திருந்தாள். "மொதல்ல சாப்பிடுங்க. அவ சும்மா எழுதுற ஆளு இல்ல" என்றாள். உன்னை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

எனக்கு எழுபத்தொரு வயது. இடது கண்ணில் அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகிறது, வலது கண் அடுத்த மாதம். உன் நான்கு பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணி நேரம் படித்தேன். நான் சொல்வதையும் கொஞ்சம் பொறுமையாகக் கேள். ஒரே மரத்தில் அடிப்பட்டை ஒரு மாதிரி இருக்கும், மேல்பட்டை வேறு மாதிரி இருக்கும். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் குகைக்குள் சுருண்டு கிடந்த பட்டை கோணாமல் மாணாமல் உன் கேமராவுக்காகக் காத்திருக்குமா? இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சுருளை உலகமெங்கும் படித்தவர்கள் எத்தனை பேர், திட்டி எழுதியவர்கள் எத்தனை பேர். ஒருவர்கூடத் துணுக்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நேற்று வந்த கேமரா சொல்கிறது, நீயும் தலையாட்டுகிறாய்.

நான் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி. அந்தப் பாராட்டு விழாவிலிருந்து நீ சாப்பிடாமல் எழுந்து போன நாளிலிருந்தே இப்படி ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன். நான்கு வருஷம் ஆறப்போட்டு அனுப்பியிருக்கிறாய். ஓய்வு பெறுவதற்கு முன்னால் என்னை ஒரு கை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால், சரி, பார்த்துக்கொள். ஆனால் பட்டைக் கோட்டைக் காரணம் சொல்லாதே.

மூன்றாம் பதிப்பு ஜூலைக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. முன்னுரைகூட எழுதிக் கொடுத்தாயிற்று. ஒரு மனுஷன் ஐம்பது வருஷம் படித்ததில் மிச்சம் அந்த ஓர் அத்தியாயம். மற்றதெல்லாம் யாரோ ஏற்கெனவே சொன்னதை நான் கொஞ்சம் நன்றாகச் சொன்னது, அவ்வளவுதான். உனக்கே தெரியும்.

விண்ணப்பம் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அண்ணன்

*

ஜூன் 27

அண்ணாவுக்கு,

அடிப்பட்டை, மேல்பட்டை எல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். உன்னிடம் இதைச் சொல்லவேண்டி வரும் என்று தெரிந்தவள், அரைகுறையாகச் சொல்ல மாட்டேன்.

துணுக்கு எங்கே சேர்கிறது என்றும் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் கண்ணாடி. அதன் இடது ஓரத்தில் ஒரு புழு துளைத்த ஓட்டையின் பாதி இருக்கிறது. மீதிப் பாதி உன் துணுக்கின் ஓரத்தில் இருக்கிறது. படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஓட்டை முழுசாகிறது, ஆறு கோடுகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தடங்கலில்லாமல் ஓடுகின்றன. புழுவுக்கு உன்மேலும் என்மேலும் ஒரு கோபமும் இல்லை.

ஒன்பதாவது என்ன என்று உனக்கு நினைவிருக்காது. உன் புத்தகத்தில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு கொடுத்திருக்கிறாய்: 'ஒன்பதாவது சுருள் குதிரை வைத்தியம், வரலாற்றுக்குப் பயனற்றது.' அந்த ஐந்தாம் ஆண்டில் கணவாயில் எழுதத் தெரிந்த ஓர் ஆள் இருந்தார், அது உண்மைதான். அவர் சட்டம் எழுதவில்லை. குதிரைக்கு வயிறு உப்பினால் என்ன கொடுக்க வேண்டும், கொடுத்தபின் எவ்வளவு தூரம் நடத்த வேண்டும் என்று எழுதினார். அதைப் போய்ப் பயனில்லை என்று சொன்னாய்.

விழாவைப் பற்றி நீயே ஆரம்பித்ததால் நானும் சொல்கிறேன். நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் நீ, "அந்தத் துணுக்கு தானா வந்து என் உள்ளங்கையில விழுந்துச்சு" என்று சொன்னாய். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சுருள் பிஸ்கட் மாதிரி நொறுங்கும் நிலையில் வந்தது. ஈரத்தாள் வைத்த பெட்டிக்குள் ஒன்பது நாள் அதை வைத்து, மணிக்கொரு தரம் திறந்து பார்த்து, சுற்று சுற்றாகப் பிரித்தெடுத்தவள் நான். இருமல் வந்தால் எழுந்து வெளியே ஓடுவேன். உன் முதல் பதிப்பில் இதற்கெல்லாம் ஒரு வரி இருந்தது, 'உதவிய கைகளுக்கு நன்றி.' முகமும் பெயரும் இல்லாத இரண்டு கைகள். இரண்டாம் பதிப்பில் அந்த வரியையும் இடமில்லை என்று எடுத்துவிட்டார்கள்.

ஆனால் இந்தக் கடிதங்களை அதற்காக எழுதவில்லை. அதற்குக் கோபப்பட்டுக் கோபப்பட்டு எனக்கே அலுத்துப்போய்விட்டது. நாலு வருஷத்துக்கு முன்னாலென்றால் நீ சொன்னது சரியாக இருந்திருக்கும்.

எதற்காக எழுதுகிறேன் என்றால், என் பக்கத்து வீட்டில் ஏழாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். பரீட்சை வந்தால் சத்தம் போட்டு மனப்பாடம் செய்வாள், சுவர் வழியாகக் கேட்கும். போன மார்ச்சில் உன் ஐந்து வியாபாரிகளும் அந்த ஆண்டும் வந்தன. தப்புத் தப்பாகச் சொல்லி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, ஆண்டைச் சரியாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அது தப்பு என்று தெரிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

புது இயக்குநர் தினமும் என் அறைக்கு வந்து நிற்கிறார். "கண்காட்சி அட்டையில வருஷம் போடலாமா கூடாதா, சொல்லுங்க மேடம்" என்கிறார். உங்கள் அண்ணன் கையெழுத்து வந்தால் திறக்கலாம், வராவிட்டால் பழைய ஆண்டையே அச்சடிக்க வேண்டியதுதான் என்கிறார். அவர் மேல் தப்பில்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. 

பாப்பா

*

ஜூலை 10

பாப்பாவுக்கு,

புழு ஓட்டைப் படத்தை அண்ணியிடம் சொல்லி நூலகத்திலிருந்து வரவழைத்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன், வைக்காமலும் பார்த்தேன். நீ சொன்னது சரி.

நான்கு நாள் எதையும் படிக்கவில்லை. ஜன்னலண்டை உட்கார்ந்து தெருவில் போகிற வருகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கண் ஆற வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக அண்ணியிடம் சாக்குச் சொன்னேன்.

இனி ஆகவேண்டியதைப் பார்ப்போம். அத்தியாயத்தை எடுத்துவிட முடியாது, எடுத்தால் புத்தகமே இல்லை. முன்னால் ஒரு குறிப்பு சேர்க்கலாம் என்று பதிப்பாளர் சம்மதித்திருக்கிறார். இப்படி எழுதியிருக்கிறேன்:

'ஏழாம் சுருளைக் கண்ணாடிகளுக்கிடையே வைத்து மூடியபோது, நூலகப் பாதுகாப்பாளரின் கவனக்குறைவால் வேறொரு சுருளின் துணுக்கு அதில் சேர்ந்துவிட்டது அண்மையில் தெரியவந்துள்ளது. அதன் அடிப்படையில் ஆசிரியர் கூறிய காலக்கணிப்பை வாசகர்கள் இதற்கேற்பத் திருத்தி வாசிக்கவும்.'

நீயே முதல் கடிதத்தில் பிழை என்னுடையது என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் தைரியமாக இப்படி எழுதினேன். உன் பெயரைப் போடவில்லை, பதவியைத்தான் போட்டிருக்கிறேன். நீ ஆகஸ்டில் வெளியே வந்துவிடுவாய், உன்னை யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. என்னை மேடைக்கு மேடை கேட்பார்கள். எனக்கு அதைத் தாங்கத் தெம்பில்லை, பாப்பா. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கவனக்குறைவு என்பது கடுமையாகப் பட்டால் வேறு வார்த்தை சொல், மாற்றிவிடுகிறேன். நீ சரி என்று எழுதியதும் குறிப்பை அச்சுக்கும் விண்ணப்பத்தை உனக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுகிறேன்.

அண்ணன்

*

ஜூலை 18

அண்ணாவுக்கு,

சரி. அப்படியே போட்டுக்கொள். வேறு வார்த்தை தேட வேண்டாம்.

விண்ணப்பம் ஆகஸ்ட் இருபதுக்குள் வந்துவிட வேண்டும்.

வலது கண் அறுவைக்குப் பிறகு ஒரு மாதம் குனியாதே, பாரம் தூக்காதே.

பாப்பா

*

ஆகஸ்ட் 3

பாப்பாவுக்கு,

உன் மூன்று வரிக் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. நீ திட்டி எழுதியிருந்தால் குறிப்பை அன்றைக்கே அனுப்பியிருப்பேன்.

கண் அறுவை முடிந்து கட்டோடு இருந்தேன். இந்தக் கடிதத்தைக்கூட நான் சொல்லச் சொல்ல அண்ணிதான் எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதே. கட்டை நேற்று அவிழ்த்துவிட்டார்கள், நானே எழுதுகிறேன். இதை அவளிடம் சொல்லி எழுதவைக்க முடியாது.

போன வாரம் குறிப்பை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்காட்டு என்று அவளிடம் கொடுத்தேன். படித்தாள். அப்புறம் என் புத்தகத்தை எடுத்து வந்து முன்னுரையைத் திறந்தாள். 'மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், ஆளில்லாத நூலகத்தில், ஆண்டு கிடைத்தது' என்று நான் தேதியோடு பெருமையாக எழுதியிருக்கிறேன் அல்லவா. அதைக் காட்டிவிட்டு, "மாமா பாத்ரூம்ல விழுந்தது அந்த ஞாயித்துக்கிழமைதானே. அவ காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என்கூட ஆஸ்பத்திரியில இருந்தா. அப்ப அந்தத் துணுக்க வச்சது யாரு?" என்று கேட்டாள். சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

நான்தான் வைத்தேன்.

காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் நீ கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாய். கீழ்க்கண்ணாடியில் ஏழாம் சுருள் விரித்தபடி கிடந்தது. மேல்கண்ணாடி பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. "யாரையும் கிட்ட விடாத" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் உன்னோடு வந்திருக்க வேண்டும். அப்பா விழுந்துவிட்டார் என்று எனக்கும்தான் சொன்னார்கள். காவலுக்கு ஒருத்தர் வேண்டும் என்று சாக்குச் சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதவி உயர்வுக்கான தேர்வுக் குழு. எனக்கு நாற்பத்தொன்பது வயது, கையில் ஒன்றும் இல்லை. சேராத துணுக்குகளையெல்லாம் நீ ஒரு தட்டில் வைத்திருந்தாய். அதில் இந்தத் துணுக்கை எனக்கு முன்பே தெரியும், பத்து தடவை படித்திருக்கிறேன். ஏழாம் சுருளின் முதல் வரி முடியும் இடத்தில் சரியாக அத்தனை எழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. உன் இடுக்கியை எடுத்தேன். சும்மா வைத்துப் பார்க்கத்தான் வைத்தேன். சத்தியமாக அப்படித்தான் ஆரம்பித்தேன். வைத்ததும் வரி முழுசானது, ஊர், சபை, அரசன், ஆண்டு எல்லாம் இருந்தது. நீ வந்ததும் கேட்டுவிட்டு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மணி நாலு ஆயிற்று, நீ வந்தாய், முகம் வெளுத்துப் போயிருந்தது. மேல்கண்ணாடியைத் தூக்கச் சொன்னாய், தூக்கினேன், வைத்தோம், ஓரமெல்லாம் நாடா ஒட்டினாய்.

நீ மூடியதும் நான் நம்பிவிட்டேன். நீ பார்த்திருப்பாய், தப்பென்றால் சொல்லியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மூன்று வருஷத்தில் நான் வைத்தேன் என்பதே மறந்துவிட்டது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே மறந்துவிட்டது. மேடையில் உள்ளங்கையில் வந்து விழுந்தது என்று சொன்னபோது அப்படித்தான் நடந்ததென்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். உன் முதல் கடிதத்தில் 'பிழை என்னுடையது' என்று படித்தபோது ஞாபகம் வந்தது. வந்தபிறகும் அந்தக் குறிப்பை எழுதினேன். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. முதலில் செய்தது ஆசையில் செய்தது. இரண்டாவதைத் தெரிந்தே செய்தேன்.

மூன்றாம் பதிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பதிப்பாளர் இனி என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆய்வு இதழுக்கு வேறொரு குறிப்பு எழுதியிருக்கிறேன், நகல் இத்துடன் இருக்கிறது. துணுக்கை நான்தான், பாதுகாப்பாளர் இல்லாத நேரத்தில், அவருக்குத் தெரியாமல் வைத்தேன் என்று என் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். உன்மேல் ஒரு தூசும் விழாது.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கண் கலங்கலாக இருக்கிறது, கோட்டுக்கு மேலே போய்விட்டது. செல்லாது என்றால் இன்னொன்று அனுப்பு.

அண்ணன்

*

ஆகஸ்ட் 14

அண்ணாவுக்கு,

கையெழுத்து செல்லும். புது இயக்குநர் வாங்கி வைத்துக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. கண்காட்சி அட்டையில் ஏழாவதற்கு 'காலம் தெரியவில்லை' என்று போடச் சொல்லிவிட்டேன். ஒன்பதாவதையும் எடுத்துப்போகிறார்களாம். குதிரை வைத்தியர் முதல் தடவையாக வெளியூர் போகிறார்.

உன் குறிப்பைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய், உன் புத்தகத்தைவிட நன்றாக. ஆனால் அதில் ஒரு தப்பு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் உன்னைப்போல் இன்னொரு இருபத்திரண்டு வருஷம் ஓட்ட வேண்டியிருக்கும். எனக்கு அவ்வளவு நாளும் இல்லை, தெம்பும் இல்லை.

'அவருக்குத் தெரியாமல்' என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும்.

நாலு மணிக்கு உள்ளே வந்து மேசையைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தட்டில் நாற்பத்தொரு துணுக்குகள் வைத்துவிட்டுப் போனேன், நாற்பது இருந்தன. குனிந்து பட்டையைப் பார்த்தேன். கோடுகள் சேரவில்லை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது, அண்ணா. புதுக் கேமரா எல்லாம் உன்னிடம் சொல்வதற்கு எனக்குக் கிடைத்த ஒரு சாக்கு. அது வராவிட்டால் எப்படி ஆரம்பித்திருப்பேன் என்று தெரியவில்லை. பிழை என்னுடையது என்று எழுதியதுகூட நீ என்ன செய்வாய் என்று பார்க்கத்தான். நீ அந்த முதல் குறிப்பை அனுப்பியபோது சரி என்று எழுதிவிட்டு, அன்று முழுக்க வேலைக்குப் போகவில்லை.

ஏன் மூடினேன் என்று கேட்பாய்.

அன்று ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மத்தியானம் வரைக்கும் நினைவு இருந்தது. "பெரியவன் எங்க?" என்று கேட்டார். "வேல இருக்குப்பா, முடிச்சிட்டு வந்துருவான்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். "அப்படி என்ன வேல, ஞாயித்துக்கிழம" என்றார். "பெரிய வேலப்பா. ரொம்பப் பெரிய விஷயம் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கான்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம்கூட என் பையன் ஏதோ கண்டுபிடித்திருக்கிறான் என்று சொன்னார். மூன்று மணிக்கு நினைவு தப்பியது. புதன்கிழமை அவர் போகும்வரைக்கும் திரும்பவில்லை, உனக்குத் தெரியும்.

திறந்து கிடந்த சுருளை மூடிவிட்டுப் போகலாம் என்று திரும்பி வந்து பார்க்கிறேன், நீ ஜன்னல் ஓரம் நிற்கிறாய், மேசையில் அந்தத் துணுக்கு. அதை எடுத்துத் தட்டில் போட்டால் நீ அப்பாவைப் பார்க்க வராததற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும். நான் அவரிடம் சொன்னதும் பொய்யாகிவிடும். உன்னோடு சண்டை போடவும் எனக்குச் சக்தி இல்லை. மேல்கண்ணாடியைத் தூக்கு என்றேன். நாடா ஒட்டும்போது அழுதேன், அப்பாவுக்காக என்று நினைத்திருப்பாய். 

அப்புறம் உன் புத்தகம் வந்தது, பாடப்புத்தகத்தில் வந்தது, விழா வந்தது. ஒவ்வொரு தடவையும் சொல்ல இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. உனக்கு மறந்துபோக முடிந்தது. எனக்கு அந்த அறையில்தான் வேலை. தினமும் அந்த அலமாரியைத் தாண்டித்தான் என் நாற்காலிக்குப் போவேன்.

விழாவிலிருந்து எழுந்து போனது நீ என்னைச் சொல்லவில்லை என்ற கோபத்தில்தான், அதில் சந்தேகமில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால், எதில் என் பெயரைச் சொல்லச் சொல்கிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. செய்த தப்பில் பங்கு கிடைக்கவில்லை என்று நாலு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்குத் திறக்கிறேன். மேல்கண்ணாடியைத் தூக்க ஒளிப்படக்காரரை வரச்சொல்லியிருக்கிறேன். கண் ஆறாமல் அவ்வளவு தூரம் பிரயாணம் செய்யாதே. அண்ணியையும் வற்புறுத்தாதே. எடுத்ததும் எழுதுகிறேன்.

குறிப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 'அவருக்குத் தெரியாமல்' என்பதை அடித்துவிட்டு, அவர் பார்த்தார், தெரிந்தே மூடினார் என்று எழுதியிருக்கிறேன். கீழே கையெழுத்து இருக்கும் இடத்தில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதியிருக்கிறேன், முழுப் பெயர். அதை அப்படியே அச்சில் வரச்செய். இந்தத் தடவை இடமில்லை என்று யாராவது சொன்னால், உன் பெயரை எடுத்துவிட்டு என்னுடையதை வைக்கச் சொல்.

பாப்பா